எகிப்தும் அகரவரிசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுத்து பிறந்த கதையைப் பற்றி மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் பேசி வருகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வரும், சிக்கலானவை போகப் போக வரும்.

இந்தக் கதையில் எகிப்துக்கு உள்ள பங்கைச் சிலர் அளவுக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறார்கள், சிலர் அடியோடு மறுக்கிறார்கள். எகிப்து படங்களைக் கொடுத்தது. எகிப்தியர் அல்லாத, பெயர் தெரியாத சிலர் அந்தப் படங்களை வைத்து அகரவரிசையை, அதாவது ஒரு ஒலிக்கு ஒரு எழுத்து என்ற முறையை உண்டாக்கினார்கள். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் சுற்றித்தான் இருக்கும்.

உலகத்துலயே முதல்ல எழுதினது எகிப்துக்காரங்கதானே?

அப்படி அடித்துச் சொல்ல முடியாது. தெற்கு இராக்கில் உள்ள உருக் நகரத்தில் கி.மு. 3300 வாக்கில் களிமண் பலகைகளில் கணக்கு எழுதத் தொடங்கிவிட்டார்கள். எகிப்தில் அபிடோஸ் இடுகாட்டில் ‘யு-ஜே’ என்று பெயரிடப்பட்ட கல்லறையை ஜெர்மன் அகழாய்வாளர் குந்தர் டிரையர் தோண்டியபோது எலும்பாலும் தந்தத்தாலும் செய்த சின்னஞ்சிறு பட்டைகள் கிடைத்தன. அவையும் கிட்டத்தட்ட அதே காலம்தான்.

தபால்தலை அளவுள்ள அந்தப் பட்டைகளில் கயிறு கோக்க ஒரு துளை இருக்கிறது. சரக்கோடு கட்டித் தொங்கவிட்டவை அவை. சிலவற்றில் எண்கள், சிலவற்றில் பறவை, யானை போன்ற குறிகள். ஊர்ப்பெயர்களாக இருக்கலாம் என்று டிரையர் கருதினார். யார் முந்தி என்ற போட்டியில் தீர்ப்பு வரவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் எழுத்தை முதலில் தேடியவர் கணக்குப்பிள்ளை என்பது தெளிவாகத் தெரிகிறது.

ஹைரோகிளிஃப்னா படத்தைப் பார்த்துக் கதை புரிஞ்சுக்கறதுதானே?

இல்லை. பலருக்கும் இருக்கும் பெரிய தவறான எண்ணம் இதுதான். ஹைரோகிளிஃப் என்னும் பழைய எகிப்திய எழுத்து ஒலியை எழுதும் முறை. படமாகத் தெரிவதால் நாம் ஏமாந்துவிடுகிறோம்.

ஒரே ஒரு குறியைப் பார்ப்போம். வீட்டின் தரைப்படம் போல, கீழ்ப்பக்கத்தில் வாசல் விட்ட செவ்வகம். அதன் அடியில் ஒரு சிறு கோடு போட்டால் ‘வீடு’ என்ற சொல். எகிப்திய மொழியில் அதன் மெய்யொலிகள் ப்-ர். அதே செவ்வகத்தோடு வாய் வடிவக் குறியையும் நடக்கும் இரண்டு கால்களையும் சேர்த்தால் ‘வெளியே போ’ என்று பொருள். அந்தச் சொல்லுக்கும் மெய்யொலிகள் ப்-ர் தான். இங்கே வீட்டுக் குறிக்கு வீட்டோடு சம்பந்தமே இல்லை, ஒலியை மட்டும் தருகிறது. வாய்க் குறி ‘ர்’ என்ற ஒலியை இன்னொரு முறை உறுதி செய்கிறது. கால்களை யாரும் உச்சரிப்பதில்லை. ‘இது நடமாட்டம் பற்றிய சொல்’ என்று கண்ணுக்குச் சொல்வதுதான் அவற்றின் வேலை.

ஒரே குறி ஓரிடத்தில் பொருளாகவும் மற்றோரிடத்தில் ஒலியாகவும் இன்னோரிடத்தில் வெறும் சுட்டாகவும் நிற்கும். மத்திய அரசுக் காலத்தில், அதாவது ஏறக்குறைய கி.மு. 2000 முதல் 1700 வரை, இப்படிச் சுமார் 700 குறிகள் புழக்கத்தில் இருந்தன. பிற்காலத்தில் கிரேக்க அரச மரபினர் ஆண்டபோது கோயில் சுவர்களில் அது பல ஆயிரமாகப் பெருகியது.

ஒரு ஒலிக்கு ஒரு குறின்னு 24 குறி அவங்ககிட்டயே இருந்துச்சாமே? அப்போ அகரவரிசை அவங்களுடையதுதானே?

கேள்வி நியாயமானது. மேலே சொன்ன வாய்க் குறி அந்த 24-இல் ஒன்று. எகிப்தியர் நினைத்திருந்தால் அந்த 24-ஐ மட்டும் வைத்துக்கொண்டு எதையும் எழுதியிருக்கலாம். தாலமி, கிளியோபாட்ரா போன்ற அந்நியப் பெயர்களைப் பெரும்பாலும் அப்படித்தான் எழுதினார்கள்.

ஆனால் தங்கள் மொழிக்கு அதை மட்டும் போதுமென்று அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. அவர்கள் உயிரொலிகளை எழுதவில்லை, சொற்களுக்கு நடுவே இடைவெளியும் விடவில்லை. நடக்கும் கால்களைப் போன்ற சுட்டுக்குறிகள்தான் ஒரு சொல் எங்கே முடிகிறது, எந்தப் பொருளில் வருகிறது என்று காட்டின. அவற்றை எடுத்துவிட்டால் படிக்கப் பழகியவருக்குச் சிரமம் கூடும். எழுத்தை ‘தெய்வச் சொற்கள்’ என்று அழைத்தவர்கள் அவர்கள். கடவுள் தோத் தந்ததாக நம்பிய ஒன்றைச் சுருக்க வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு எழுந்திருக்காது.

ஆகவே ஒலிக்கு ஒரு குறி என்ற கருத்து எகிப்தில் இருந்தது. அது மட்டுமே போதும் என்ற துணிவு வேறு ஆட்களிடமிருந்து வந்தது. அகரவரிசையின் கண்டுபிடிப்பு அந்தத் துணிவுதான் என்பது என் எண்ணம்.

சரி, முதல் அகரவரிசை எங்க கிடைச்சது?

முக்கியமாக இரண்டு இடங்கள். ஒன்று சினாய் தீபகற்பத்தின் தென்மேற்கில் உள்ள செராபித் எல்-காதிம். எகிப்தியர் டர்க்காய்ஸ் என்னும் நீலப்பச்சைக் கல்லை வெட்டியெடுத்த மலை அது. அங்கே ஹத்தோர் தெய்வத்துக்கு ஒரு கோயில் உண்டு. 1904-05 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் அகழாய்வாளர் ஃப்ளிண்டர்ஸ் பெட்ரியும் அவருடைய மனைவி ஹில்டாவும் அங்கே அகழாய்வு நடத்தினார்கள். ஹைரோகிளிஃப் போலத் தோன்றினாலும் ஹைரோகிளிஃபாகப் படிக்க முடியாத கல்வெட்டுகள் அப்போதுதான் வெளிப்பட்டன. குறிகளின் வகை முப்பதுக்கு மேல் போகாததைக் கவனித்த பெட்ரி, இது அகரவரிசையாகத்தான் இருக்க வேண்டும் என்று சரியாகவே ஊகித்தார்.

மற்றது வாடி எல்-ஹோல். நைல் நதி கேனா அருகே பெரிய வளைவு எடுக்கிறது. அந்த வளைவைக் குறுக்கே வெட்டிப் போகும் பாலைவனப் பாதையில், லக்சருக்கு வடமேற்கே இருக்கும் பாறைச்சரிவு இது. 1990-களில் ஜான் டார்னெல், டெபோரா டார்னெல் தம்பதியர் அங்கே அதே வகை எழுத்தில் இரண்டு சிறு கல்வெட்டுகளைக் கண்டார்கள்.

யாராலயும் படிக்க முடியாததை எப்படிப் படிச்சாங்க?

1916-இல் ஆலன் கார்டினர் என்ற எகிப்தியவியல் அறிஞர் ஒரு சாவியைக் கண்டுபிடித்தார். செராபித்தில் கிடைத்த சிவப்பு மணற்கல் ஸ்பிங்ஸ் (சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட சிலை) ஒன்று அதற்கு உதவியது. நீளம் சுமார் 24 செ.மீ. கோயிலுக்கு யாரோ காணிக்கையாக வைத்தது. அதன் தோளில் எகிப்திய எழுத்தில் ‘டர்க்காய்ஸ் தலைவி ஹத்தோருக்கு அன்பானவர்’ என்று பொருள்படும் வாசகம். அடிப்பீடத்தில் புரியாத அந்தப் புது எழுத்து.

அந்தப் புது எழுத்தில் நான்கு குறிகள் ஒரே வரிசையில் பல கற்களில் திரும்பத் திரும்ப வந்தன: வீடு, கண், மாட்டை ஓட்டும் தாற்றுக்கோல், சிலுவை போன்ற கோடு. எகிப்திய மொழியை விட்டுவிட்டு, அந்தப் பொருள்களைக் கானானியர், அதாவது இன்றைய பாலஸ்தீன, இஸ்ரேல், லெபனான் பகுதி மக்கள் பேசிய செமித்திய மொழியில் (அரபி, எபிரேயம் சேர்ந்த குடும்பம்) அழைத்துப் பார்த்தார் கார்டினர். வீடு ‘பேத்’, கண் ‘ஐன்’, தாற்றுக்கோல் ‘லாமெத்’, அடையாளக் கோடு ‘தாவ்’. ஒவ்வொன்றின் முதல் ஒலியை மட்டும் எடுத்துக் கோத்தால் ‘பஅலத்’ என்று வருகிறது. ‘தலைவி’ என்று பொருள். கானானியர் தங்கள் பெண்தெய்வத்தை அப்படித்தான் அழைத்தார்கள். லெபனான் கடற்கரையில் உள்ள பிப்லோஸ் நகரத்தின் பஅலத்தும் எகிப்தின் ஹத்தோரும் ஒரே தெய்வமாகவே கருதப்பட்டார்கள். ஸ்பிங்ஸின் இரண்டு வாசகங்களும் ஒரே அம்மனைச் சொல்கின்றன என்று தெரிந்தபோது சாவி பொருந்திவிட்டது.

ஆங்கிலத்துல முதல் எழுத்து மாட்டுத்தலைன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. நிஜமா?

நிஜம். ஆங்கிலத்தின் ‘ஏ’ பேரெழுத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு கொம்புகள், கீழே குறுகும் முகவாய். சினாய்க் கற்களில் அது கொம்பும் கண்ணும் உள்ள மாட்டுத்தலை. லெபனான் கடற்கரை மக்களான ஃபினீசியர் கையில் பக்கவாட்டில் சாய்ந்து வெறும் கோடுகளாகியது. கிரேக்கர் கையில் இன்னும் திரும்பி இன்றைய நிலைக்கு வந்தது. பெயரும் கூடவே வந்தது: மாட்டுக்குச் செமித்திய மொழியில் ‘அல்ப்’, கிரேக்கத்தில் ‘ஆல்ஃபா’. கிரேக்க மொழியில் ஆல்ஃபா என்பதற்கு எந்தப் பொருளும் கிடையாது. எழுத்தை இரவல் வாங்கினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

‘எம்’ நீரலை, ‘ஓ’ கண், ‘ஆர்’ மனிதத் தலை. இவையும் உறுதியானவை. ஆனால் வாட்ஸ்அப் படங்களில் கிரேக்கத்தின் மூன்றாம் எழுத்தான காமாவை ஒட்டகம் என்று போடுகிறார்கள், அதை நம்ப வேண்டாம். பழைய வடிவம் வளரி போன்ற எறிகோலைத்தான் ஒத்திருக்கிறது.

அப்போ எகிப்திய எழுத்தை அப்படியே எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்லலாமா?

வடிவத்தை எடுத்தார்கள், ஒலியை எடுக்கவில்லை. நாகப்பாம்புக் குறிக்கு எகிப்தில் ‘ஜ்’ போன்ற ஒலி. புது எழுத்தில் அது ‘ந்’, ஏனென்றால் செமித்திய மொழியில் பாம்பு ‘நஹஷ்’. எத்தியோப்பியர் அந்த எழுத்தை இன்றும் ‘நஹாஸ்’ என்றே அழைக்கிறார்கள். தலைக்கு எகிப்தில் ‘தெப்’, புது எழுத்தில் ‘ர்’, காரணம் ‘ரேஷ்’. வீட்டுக் குறியைத் தமிழில் எழுதினால் வேறுபாடு மறைந்துவிடும், இரண்டு பக்கமும் ‘ப’ வரும். எகிப்திய ‘பெர்’ தொடங்குவது ‘பல்’ என்பதில் வரும் ஒலியில். செமித்திய ‘பேத்’ தொடங்குவது ‘கம்பு’ என்பதில் வரும் ஒலியில்.

எகிப்திய எழுத்தை முறையாகக் கற்ற ஒருவர் இப்படிச் செய்திருப்பாரா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. பத்தாவது கேள்வியில் அதற்கு வருகிறேன்.

எழுதினவங்க யாரு? அடிமைகளா?

அடிமைகள் என்பதற்கு ஆதாரம் இல்லை. பாரோ (எகிப்திய அரசர்) மூன்றாம் அமெனெம்ஹாத் காலத்தில், ஏறக்குறைய கி.மு. 1800-ஐ ஒட்டி, சினாய்க்குப் போன சுரங்கப் படைகளின் பதிவுகள் அதே செராபித்தில் கல்லில் இருக்கின்றன. எழுத்தர், கல்வெட்டுபவர், கழுதை ஓட்டுபவர் என்று ஆள்கணக்கு போடும் அந்தப் பட்டியல்களில் கானானியரும் வருகிறார்கள். ‘ரெத்தெனு நாட்டுத் தலைவரின் சகோதரர் கெப்தெத்’ என்று ஒருவர் பெயரோடும் பட்டத்தோடும் குறிப்பிடப்படுகிறார். ரெத்தெனு என்பது இன்றைய பாலஸ்தீன, இஸ்ரேல், லெபனான் பகுதிக்கு எகிப்தியர் வைத்த பெயர். கழுதை மேல் அமர்ந்து வரும் ரெத்தெனுத் தலைவரின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. கூடவே வந்து வேலை செய்த மதிப்புள்ள அந்நியர்கள் என்பதே பொருத்தம்.

வாடி எல்-ஹோல் பக்கத்திலும் இப்படி ஒரு தடயம். ‘ஆசியர்களின் படைத்தலைவர் பெபி’ என்று ஓர் எகிப்தியக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. எகிப்தியப் படையில் கானானியர் இருந்தார்கள், அந்தப் பாதையில் நடந்தார்கள்.

பைபிள்ல வர்ற மோசே எழுதினதுன்னு ஒரு வீடியோ பார்த்தேன். சரியா?

இல்லை. சில குறிகளை ‘மோசே’ என்று படிக்கலாம் என்று ஒருசிலர் சொல்கிறார்கள். எழுத்தியல் அறிஞர்கள் அந்த வாசிப்பை ஏற்கவில்லை. கல் தேய்ந்திருக்கும் இடத்தில் விரும்பியதைப் படிப்பது எளிது.

படிக்காத சுரங்கத் தொழிலாளிங்க கண்டுபிடிச்சாங்கன்னு சொல்றது உண்மையா, இல்ல கேக்க நல்லாருக்குன்னு சொல்றதா?

எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் ஓர்லி கோல்ட்வாசர் முன்வைத்த கருத்து இது. அவர் காட்டும் சான்றுகள் கல்லிலேயே இருக்கின்றன. பயிற்சி பெற்ற எகிப்திய எழுத்தர் நாகப்பாம்பையும் கொம்பு விரியனையும் ஒருபோதும் குழப்ப மாட்டார், இரண்டுக்கும் வேறு வேறு ஒலி. சினாய்க் கற்களில் எந்தப் பாம்பு வரைந்தாலும் அது ‘ந்’ தான். வரிகள் இடமிருந்தும் போகின்றன, வலமிருந்தும் போகின்றன, மேலிருந்து கீழாகவும் இறங்குகின்றன. குறிகளின் அளவும் நிற்கும் நிலையும் கைக்குக் கை மாறுகின்றன. ஹைரோகிளிஃபைப் படிக்கத் தெரியாமல், கோயில் சுவரில் பார்த்துப் பார்த்துப் பழகியவரின் கை என்கிறார் அவர்.

இதை மறுத்தவர்களில் முக்கியமானவர் செமித்திய மொழி அறிஞர் ஆன்சன் ரெய்னி. ஒரு மொழியின் மெய்யொலிகளை இவ்வளவு துல்லியமாகப் பிரித்தெடுப்பது படிப்பறிவு உள்ளவர் வேலை என்பது அவர் வாதம். 2010-இல் இருவரும் இதைப் பொதுவெளியிலேயே விவாதித்தார்கள்.

எனக்குக் கோல்ட்வாசரின் பக்கம்தான் வலுவாகத் தெரிகிறது. எழுநூறு குறிகளைக் கற்றுத் தேர்ந்த ஒருவருக்கு அவற்றைத் தூக்கிப் போட என்ன தேவை இருந்தது? எகிப்திலேயே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்பதே பொதுவான மதிப்பீடு. எழுத்தர் பள்ளி வாசலை மிதிக்க வழியில்லாதவருக்குத்தான் தெய்வத்திடம் தன் பெயரைச் சொல்ல வேறு வழி வேண்டியிருந்தது. படிப்பில்லாதவர் என்றால் அறிவில்லாதவர் என்று நினைத்துக்கொண்டு இந்தக் கருத்தை ஒதுக்குபவர்களை நான் ஏற்கவில்லை. தன் பேச்சைக் காதால் கேட்டே இருபத்தேழு, இருபத்தெட்டு மெய்யொலிகளாகப் பகுத்தவர் பெரிய இலக்கணி.

சினாய்க் கல்வெட்டுக்கு ஒரு புத்தகத்துல கி.மு. 1800-ன்னு இருக்கு, இன்னொன்னுல 1500-ன்னு இருக்கு. எது சரி?

இரண்டு தரப்பும் இன்னும் இருக்கிறது. பெட்ரி 1500 வாக்கில் வைத்தார். கார்டினர் 12-ஆம் அரச மரபின் காலத்தை, அதாவது 1800 பக்கத்தை ஆதரித்தார். இந்தக் கற்களில் பாரோவின் பெயரோ ஆண்டோ இல்லாததால் குறிகளின் வடிவத்தையும் கிடைத்த இடத்தையும் வைத்துத்தான் காலம் கணிக்க வேண்டியிருக்கிறது. வாடி எல்-ஹோல் கிடைத்த பிறகு 1800 பக்கம் எடை கூடியது, அங்குள்ள வடிவங்கள் மத்திய அரசுக் காலப் பாணியை ஒட்டியவை என்பதால்.

சிரியாவுல இதைவிட 500 வருஷம் பழசு கிடைச்சிடுச்சாமே?

உம் எல்-மர்ரா என்ற இடத்தில் ஒரு கல்லறையிலிருந்து கிடைத்த நான்கு களிமண் உருளைகளைச் சொல்கிறீர்கள். விரல் அளவு, நடுவில் துளை, காலம் ஏறக்குறைய கி.மு. 2400. அகழாய்வாளர் கிளென் ஷ்வார்ட்ஸ் இது அகரவரிசையாக இருக்கலாம் என்று 2024-இல் அறிவித்ததும் செய்தி பரவியது. ஆனால் மொத்தமே ஒருசில குறிகள்தான். பஅலத் போலத் திரும்பத் திரும்ப வந்து உறுதிப்படுத்தும் சொல் எதுவும் இல்லை. அதே எழுத்தில் இன்னும் சில பொருள்கள் கிடைத்தால் கதையே மாறலாம். இன்றைய நிலையில் சினாய், வாடி எல்-ஹோல் சான்றுகளைத்தான் தைரியமாகச் சொல்ல முடியும்.

இவ்வளவு எளிமையான முறைன்னா உடனே எல்லாரும் எடுத்துக்கிட்டிருப்பாங்களே?

எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வரலாற்றில் என்னை அதிகம் ஈர்ப்பது இந்த நீண்ட தாமதம்தான். கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாரோவும் கானான் நகரத் தலைவர்களும் கடிதம் எழுதிக்கொண்டது மெசொப்பொத்தேமியாவின் அக்காடிய மொழியில், களிமண்ணில் ஆப்பு வடிவக் குறிகளை அழுத்தி எழுதும் ஆப்பெழுத்தில். எகிப்தின் அமர்னாவில் அந்தக் கடிதங்கள் முந்நூற்றுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. அகரவரிசை பிறந்து நானூறு ஆண்டு ஆன பிறகும் அரசு வேலைக்கு யாரும் அதைத் தொடவில்லை.

அதுவரை அது சாதாரண மக்களின் கையில் உயிரோடு இருந்தது. இஸ்ரேலில் உள்ள லாக்கிஷில் 2016-இல் தந்தத்தாலான ஒரு சீப்பு கிடைத்தது, 3.5 செ.மீ. அகலம்கூடத் தாண்டாது. அதில் கீறல் போன்ற எழுத்து இருப்பது சில ஆண்டு கழித்துத்தான் கண்ணில் பட்டது. 2022-இல் வாசிப்பு வெளியானது. பதினேழு எழுத்துகளில் ஒரு முழு வாக்கியம்: தலைமயிரிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்று. காலம் கி.மு. 1700 வாக்கில் என்று கணித்திருக்கிறார்கள். கானானிய மொழியில் முழு வாக்கியமாக நமக்குக் கிடைத்த மிகப் பழையது அதுதான், அதில் அரசர் யாரும் இல்லை.

கி.மு. 1200-ஐ ஒட்டிப் பெரிய அரசுகள் சரிந்து, ஆப்பெழுத்தைப் பயிற்றிய எழுத்தர் பள்ளிகள் அந்தப் பகுதியில் மறைந்த பிறகே கானானில் அகரவரிசைக்கு அரண்மனைக் கதவு திறந்தது.

உயிரெழுத்தே இல்லாம எப்படிப் படிச்சாங்க?

செமித்திய மொழிகளில் ஒரு சொல்லின் உயிர்நாடி மெய்யெழுத்துகளில் இருக்கிறது. அரபியில் க்-த்-ப் என்றால் எழுதுவது தொடர்பானது. கிதாப் நூல், காதிப் எழுதுபவர், மக்தப் எழுதும் இடம். மெய்கள் மூன்றும் இருந்தால் நடுவில் எந்த உயிர் வரும் என்பதை வாக்கியம் சொல்லிவிடும். நம் பழைய ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், எகர ஏகார வேறுபாடும் இருக்காது. படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். அதே பழக்கம்தான்.

எகிப்தியரும் உயிரொலியை எழுதவில்லை என்று மூன்றாவது பதிலில் சொன்னேன். அந்த வழக்கமும் அங்கிருந்தே புது எழுத்துக்கு வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பள்ளிக்கூடத்துல ஃபினீசியர்கள்தான் கண்டுபிடிச்சாங்கன்னு படிச்சோமே?

பரப்பியவர்கள் அவர்கள். லெபனான் கடற்கரை வணிகர்களான ஃபினீசியர் பழைய படங்களைக் கோடுகளாக்கி, எண்ணிக்கையை 22-ஆகக் குறைத்து, வலமிருந்து இடம் என்று நிலைப்படுத்தினார்கள். பிப்லோஸில் 1923-இல் கிடைத்த அரசர் அஹிராமின் கல் சவப்பெட்டியில் அந்த எழுத்து முழுமையாக உருப்பெற்றிருக்கிறது. காலம் ஏறக்குறைய கி.மு. 1000. பெட்டியைத் திறப்பவருக்குச் சாபம் எழுதியிருக்கிறது.

கிரேக்கர் அவர்களிடமிருந்து கற்றது கி.மு. 800-ஐ ஒட்டி. கிரேக்கத்தில் இல்லாத தொண்டை ஒலிகளுக்கான எழுத்துகள் வேலையில்லாமல் நின்றன. அவற்றை உயிரொலிகளுக்குத் திருப்பிவிட்டார்கள். மாட்டுத்தலை ‘அ’ ஆனது, கண் ‘ஒ’ ஆனது. ஏதென்ஸில் கிடைத்த ஒரு மதுக்குடுவையில், கி.மு. 740 வாக்கில், யார் மிக நயமாக ஆடுகிறாரோ அவருக்கு இது என்ற பொருளில் ஒரு வரி கீறப்பட்டிருக்கிறது. கிரேக்க எழுத்தின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அது.

ஏ, பி, சி-ங்கற வரிசையை யாரு முடிவு பண்ணாங்க?

பெயர் தெரியாது, ஆனால் மிகப் பழையது. சிரியக் கடற்கரையில் இருந்த உகரித் நகரத்தார் கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் 30 எழுத்து கொண்ட அகரவரிசையை ஆப்பு வடிவில் களிமண்ணில் எழுதினார்கள். அங்கே கிடைத்த பயிற்சிப் பலகைகளில் இன்றைய வரிசையின் முன்னோடி அப்படியே இருக்கிறது.

அதற்குப் போட்டியாக இன்னொரு வரிசையும் இருந்தது. ஹ, ல, ஹ, ம என்று தொடங்கும் (இரண்டு ஹ-வும் வேறு வேறு ஒலி). லக்சரில் செனெஃபெரி என்ற அதிகாரியின் கல்லறைப் பகுதியில் கிடைத்த சிறு சுண்ணாம்புக்கல் சில்லில், கி.மு. 15-ஆம் நூற்றாண்டு எகிப்திய எழுத்தர் ஒருவர் சொற்களை அந்த வரிசையில் அடுக்கியிருக்கிறார் என்று டச்சு அறிஞர் பென் ஹாரிங் 2015-இல் காட்டினார். அந்த வரிசை தென் அரேபியா வழியாகப் போய் எத்தியோப்பியப் பள்ளிகளில் இன்றும் ஒப்பிக்கப்படுகிறது. எகிப்திய எழுத்தர்களும் இந்த அந்நிய முறையை ஓரளவு அறிந்திருந்தார்கள் என்பதும் அந்தச் சில்லால் தெரியவருகிறது.

தெரிஞ்சும் எகிப்துக்காரங்க ஏன் மாறல?

காரணங்களை மூன்றாவது பதிலில் பார்த்தோம். கடைசியில் மாறினார்கள், இரண்டாயிரம் ஆண்டு கழித்து. தேதி தெரிந்த கடைசி ஹைரோகிளிஃப் கல்வெட்டு பிலே தீவுக் கோயிலில் கி.பி. 394 ஆகஸ்ட் 24 அன்று வெட்டப்பட்டது. அதற்குள் கிறித்தவராகிவிட்ட எகிப்தியர் தங்கள் மொழியைக் கிரேக்க எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்குப் பழைய எகிப்திய விரைவெழுத்திலிருந்து ஆறேழு குறிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். அதுவே காப்டிக். சினாய்க்குப் போன மாட்டுத்தலையும் நீரலையும் கானான், ஃபினீசியா, கிரேக்கம் சுற்றி மறுபடி நைல் கரைக்கே வந்துவிட்டன.

1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் ஹைரோகிளிஃபைப் படிக்க முடிந்ததற்குப் பெரிய துணை இந்தக் காப்டிக் மொழி அறிவுதான். இன்று கெய்ரோ தெருப்பலகைகளில் உள்ள அரபு எழுத்தும், ஃபினீசிய எழுத்திலிருந்து பிறந்த அரமேயம், அதிலிருந்து பிறந்த நபத்தேயம் ஆகியவை வழியாக வந்த அதே குடும்பம்.

தமிழ் எழுத்தும் எகிப்துலேர்ந்து வந்ததா?

நேரடியாக இல்லை. இந்தியாவின் வடமேற்கில் வழங்கிய கரோஷ்டி அரமேய எழுத்திலிருந்து பிறந்தது என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளின் மூலமான பிராமியைப் பற்றி உண்டு. அரமேயத் தாக்கத்தைக் காண்போர் ஒரு பக்கம், உள்நாட்டிலேயே தோன்றியது என்போர் ஒரு பக்கம். பழைய தமிழ் எழுத்தான தமிழியின் தொடக்கத்தைப் பானைக் கீறல்களோடு இணைத்துப் பேசுவோரும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து தூண்டுதல் வந்திருந்தாலும், மெய்யோடு உயிரைக் குறியாக ஒட்டி உயிர்மெய் ஆக்கும் அமைப்பு இங்கே செய்தது. சினாயிலோ கிரேக்கத்திலோ அது இல்லை.

ஆனால் தமிழ் எழுத்து எகிப்துக்குப் போனதற்குச் சான்று கையில் இருக்கிறது. செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் ‘கொற்றபூமான்’ என்ற பெயர் பொறித்த பானை ஓடு கிடைத்தது. இன்னொரு செங்கடல் துறைமுகமான குசேர் அல்-காதிமில் ‘கணன்’, ‘சாதன்’ என்ற பெயர்களும், ‘பானை ஒறி’ என்று பொறித்த ஓடும் கிடைத்தன. ஐராவதம் மகாதேவன் படித்தவை இவை. ரோமானியர் எகிப்தை ஆண்ட காலத்தவை. பெரெனிகேயின் கோயில் ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு நிறைந்த சாடியும் கிடைத்தது.

சினாய்க் கல்வெட்டு எல்லாத்தையும் இப்போ படிச்சாச்சா? நேர்ல பார்க்க முடியுமா?

படிக்கவில்லை. சினாயில் கிடைத்தவை நாற்பது வாக்கில். பெரும்பாலும் சில எழுத்துகள் மட்டும், பாதி தேய்ந்தவை, சொல் எங்கே முடிகிறது என்ற குறிப்பும் இல்லை. பஅலத் என்ற சொல்லில் யாருக்கும் ஐயமில்லை. ‘சுரங்கக்காரர்களின் தலைவர்’ என்ற வாசிப்பையும் பலர் ஏற்கிறார்கள். மீதியில் ஆளுக்கு ஒரு வாசிப்பு.

பெரும்பாலான கற்கள் கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஐந்தாவது பதிலில் சொன்ன ஸ்பிங்ஸ் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ‘ஈஏ 41748’ என்ற எண்ணில் இருக்கிறது. போக முடியாதவர்கள் அந்த எண்ணைக் கொடுத்து அருங்காட்சியக இணையதளத்தில் தேடலாம். அடிப்பீடத்தில் வீட்டையும் கண்ணையும் தாற்றுக்கோலையும் தேடிப் பாருங்கள். கார்டினர் படித்த சொல்லை நீங்களே படிக்கலாம்.